கணக்கு அப்புறம்

எல்லீஸ் நகர் தொழிலாளர் ஆபீஸ், இரண்டாம் மாடி.
ஆறு பேர் உட்காரும் பெஞ்சில் ஒன்பது பேர்.
"இந்தி தெரிஞ்ச ஆள் யாரு?"
நான்தான் சார். ஒச்சப்பன். ஊர் எழுமலை.
"இந்தி எந்த ஸ்கூல்ல படிச்சே?"
முறுக்குக் கம்பெனியில் சார்.

சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.
எட்டாயிரம் முன்பணத்துக்கு
நாந்தேடு போனபோது வயசு பன்னிரண்டு.
'ஜல்தி' முதல் பாடம்.
முதுகில் சட்டுவம் பட்டால்
எந்தச் சொல்லும் ஒரே தடவையில் மனப்பாடம்.
எழுமலையிலிருந்து மெட்ராஸுக்கு
பஸ்ஸில் ஒரு ராத்திரி முழுக்க ஆகும்.
அங்கே எனக்குப் பெயர் மதராசி.

இங்கே பீதாம்பர் மாஜிக்குப் பெயர் இந்திக்காரன்.
ஒடிசா, காலாஹண்டிப் பக்கம்.
இந்தி அவனுக்கும் ரயிலேறிய பிறகு ஒட்டிக்கொண்டதுதான்.
இரவல் சட்டையில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி
அந்த மொழிக்குள்
தோள் ஒடுக்கி நிற்கிறோம் இரண்டு பேரும்.

சொல்கிறான். சொல்கிறேன்.
ஊமச்சிகுளம் தாண்டிப் பதினோரு மாடி,
கம்பி கட்டுகிற வேலை.
அதே கம்பி, அதே வெயில்,
அலங்காநல்லூர் ஆளுக்குத் தொள்ளாயிரம்
இவனுக்கு ஐந்நூற்றைம்பது.
அதிலும் தகரக் கொட்டகை வாடகை பிடித்தார்கள்,
சிலிண்டர், ஹெல்மெட், வந்த ரயிலுக்கு டிக்கெட்,
மழை பெய்த நாளில் தின்ற சோறு.
நாலு மாசமாக அந்த மிச்சமும் இல்லை.
ஆதார் அட்டை அவர்கள் டிராயரில்.
கேட்ட மறுநாள் கொட்டகைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை.
கான்கிரீட்டுக்கு மட்டும் ஊற்றினார்கள்:
காய்ந்தால் விரிசல் விடுமாம்.

எதிரில் மேனேஜர் வரதுக்குட்டி.
சட்டைப் பையில் இரண்டு பேனா.
"செட்டில் பண்ணிருவோம் சார்,
இவங்கதான் அவசரப்படுறாங்க.
கணக்கு அப்புறம்."

திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன்.
ஹிசாப் பாத் மே.
எண்ணெய்ச் சட்டிக்கு அந்தப் பக்கம் நின்று
ஏழு தீபாவளிக்கு
என் முதலாளி சொன்னதும் இதே மூன்று சொல்.
இப்போது என் வாயிலிருந்து புறப்பட்டு
இன்னொருத்தன் முகத்தில் போய் விழுகிறது.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் கோபப்படவில்லை.
பழக்கப்பட்ட சத்தம் மாதிரி
தலையை மட்டும் ஆட்டினான்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார்.
"கடைசியா என்னதான் வேணும்னு கேளு."
நியாயம் என்பான் என்று நினைத்தேன்.
இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே சொல்,
எனக்கும் வேலை மிச்சம்.

அவன் சொன்னது: ஹிசாப்.

பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து
சிமெண்டு மூட்டைக் காகிதம், எட்டாக மடித்தது.
நாளுக்கு ஒரு கோடு.
ஓவர்டைமுக்குக் குறுக்கே ஒரு கோடு.
ஏழாம் மாடியிலிருந்து சுகுரு நாயக் விழுந்த அன்று
கோடு இல்லை, ஒரு வட்டம்.

"பணம் தரட்டும். அதற்கு முன்னால்
அவர்கள் நோட்டும் இதுவும்
ஒரே மேஜையில் இருக்கட்டும்.
யாராவது சத்தமாக வாசிக்க வேண்டும்.
நாங்கள் நாற்பது பேரும் கேட்க வேண்டும்."

சொல்லி முடிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.
நாந்தேடில் நான்
ஒரு கோடுகூடப் போட்டு வைக்கவில்லை.

வட்டத்தின் மேல் விரலை வைத்து
"இது என்னிக்கு?" என்றார் ஆபீசர்.
வரதுக்குட்டி பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்,
இரண்டையும்.

வாய்தா பத்தொன்பதாம் தேதி.
நோட்டோடு வர உத்தரவு,
சீல் விழுந்ததை நானே பார்த்தேன்.
கொண்டாட ஒன்றுமில்லை.
தேதி தள்ளிப்போகும், தள்ளிப்போகும் என்று
எழுதி வைத்துக்கொண்டே போவான் இவன், அவ்வளவுதான்.

கீழே டீக்கடையில் நான் காசை எடுக்க
கையைத் தட்டிவிட்டான்.
ஹிசாபுக்குத் தமிழில் என்ன?
சொன்னேன்.
கணக்கு.
அந்த ண அவன் ஊர்ப் பேச்சிலும் உண்டாம்,
முதல் தடவையே சுத்தமாக வந்தது.
பெரியார் பஸ் வரும்வரை
சத்தமாகவே சொல்லிப் பார்த்தான்.
பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"பத்தொன்பதாம் தேதி
அதை மட்டும் நான் சொல்கிறேன் பாய்.
மிச்சத்தை நீ சொல்."