ரீடிங் எடுக்கிற நாள்

மாதத்தின் இருபத்துமூன்றாம் தேதி
செராயா தோட்டத்துப் பட்டணத்தின் தாகத்தை
நான் எழுதிக்கொள்கிறேன்.
கையில் கருவி, காலில் மழைப் பூட்ஸ்,
பெட்டி மூடியை நெம்ப ஒரு வளைந்த கம்பி.
மூடிக்கடியில் பூரான் இருக்கும், சில நாள் தேரை.
கம்பியால் தட்டிவிட்டுத்தான் திறப்பேன்,
கதவைத் தட்டுவதுபோல.

பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள்.
செம்பனையை வெட்டி எங்களை நட்டார்கள்:
மலிவு விலை அடுக்ககம், நாலு மாடி.
மூன்றாம் மாடிக்குமேல் தண்ணீருக்கு மூச்சு வாங்கும்.
நாலாம் மாடி இன்பவள்ளி
இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து வாளி பிடிக்கிறாள்.
ஐந்தரைக்குக் கையுறைத் தொழிற்சாலை பஸ்.
அவள் மீட்டரில் பதினொன்று.
"பதினொன்னா? பாதி காத்துதான் ஓடியிருக்கும்."
உண்மைதான்.
காற்றுக்கும் முள் சுற்றும்.

அப்புறம், வேலிக்கு அந்தப் பக்கம்
ஜன்னலே இல்லாத வெள்ளைக் கட்டடம்.
இரவும் பகலும் ஒரே சுருதி.
உள்ளே யாருடைய கல்யாணப் படங்களோ,
யாருடைய கடன் கணக்கோ,
இன்பவள்ளியின் மகன் பினாங்கிலிருந்து அனுப்பிய
"சாப்டாச்சும்மா"கூட
அங்கேதான் எங்கோ சூடேறித் தண்ணீர் கேட்கிறது.
காவலுக்கு நிற்கும் ரூபெல்
என் அட்டையை மாதாமாதம் புதிதாகப் பார்க்கிறார்.
மீட்டர் என் இடுப்பு உயரம்.
வாசித்து முடிப்பதற்குள் வாசித்தது பழசாகிவிடும்.

பழி சொல்ல எனக்கு வாயில்லை.
என் கருவியும் கணக்கை அங்கேதான் அனுப்புகிறது.
என் தம்பி கோபிகண்ணனுக்கு அங்கே குளிரூட்டி வேலை,
மூவாயிரத்து இருநூறு வெள்ளி.
அம்மாவின் கண் ஆபரேஷன் அந்தப் பணம்.

போன ஞாயிறு டேவானில் கூட்டம்.
திரையில் ஒரு வட்டம், மூன்று நிறம்:
வீடுகள், தொழில், இதர.
இதர என்றால் என்ன என்று யாரோ கேட்டதற்கு
"குளம், புல்வெளி, அந்த மாதிரி" என்றார் அதிகாரி.
கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த இன்பவள்ளி
எழுந்து நின்றாள்.
"நாம கழுவி ஊத்துற தண்ணிய சுத்தம் பண்ணி
அந்தக் கட்டடத்துக்குக் குடுங்க, சார்.
மெஷினுக்கு அருவருப்பு கிடையாது."
சபை சிரித்தது.
அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார்.
குறித்தது என்ன என்று எட்டிப் பார்த்தேன்,
தெரியவில்லை.

இன்றைக்குப் பட்டியலில் ஒன்று கூடியிருக்கிறது.
மழைவெள்ளத்துக்கு வெட்டிய குளம்.
யாரையும் கேட்காமல் நீர்நாய்க் குடும்பமொன்று
அங்கே குடியிருக்கிறது. முதலில் ஐந்து, இப்போது ஏழு.
கரையில் புது பம்ப், புது நீல மீட்டர்,
பாதிக் குளத்துக்குச் சிவப்புக் கொடிகள்.
ஒரு கொடியைக் குட்டி பிடுங்கி
மல்லாந்து மிதந்தபடி மென்றுகொண்டிருக்கிறது.
நான் நெருங்கினால் தாய் சீறுகிறது.
முதல் ரீடிங் ஏறாமல் வால்வு திறக்கமாட்டார்கள்.

மீட்டரின் பூஜ்யங்கள் இங்கிருந்தே தெரிகின்றன.
கண் நல்ல கண்தான்.
கருவி கேட்கிறது:
ரீடிங் எடுக்க இயலாவிட்டால் காரணம் தேர்க.
ஒன்று, பூட்டிய கேட்.
இரண்டு, மங்கிய கண்ணாடி.
மூன்று, வாகனம் மறிக்கிறது.
நான்கு, வளவில் நாய்.

நாலை அமுக்கினேன்.
நீர் என்று ஒரு சொல்லை மட்டும்தான் விட்டிருக்கிறேன்.
படம் இணைக்கவும் என்றது.
இணைத்தேன்:
ஏழு மீசை, ஒரு கொடி.

முப்பது நாள்.
அதற்குமேல் என் கையில் இல்லை.
மூடியைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது
நாலு மணி மழை தொடங்கியது,
அடுக்ககம், வெள்ளைக் கட்டடம், குளம் என்று பாராமல்.
அதையும் அளக்க
மேலிடத்தில் ஒரு கருவி வாங்கியிருப்பதாகக் கேள்வி.