வெறும் வயிறு

மாதக் கடைசி. இரவு பன்னிரண்டுக்கு விலை மாறும்.
பதினொன்றே காலுக்கு நான் வரும்போது
உட்துறைமுக வீதிச் செட்டில்
என் ஸ்கூட்டிக்கு முன்னால் முப்பத்தொரு வண்டி.
ஓர் ஓட்டோவுக்குள் யாரோ குறட்டை.
என் முறை வர
பன்னிரண்டு ஐந்து.
பம்புக்காரப் பொடியன் எண்ணை மாற்றிவிட்டு
முகம் பார்க்காமல் கேட்டான்:
"எவ்வளவுக்கு அக்கா?"

முன்பு "ஃபுல்" என்று ஒரு சொல் வைத்திருந்தேன்.

குழாயை ஒருக்கால் உதறச் சொன்னேன்.
பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.
வீடு வீடாய்ப் போய் இரத்தம் எடுக்கிறவள் நான்,
கடைசிச் சொட்டுக்கும் கணக்குச் சொல்கிறவள்.
லீற்றருக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர்.
அப்படியென்றால்
மில்லிக்கு நாற்பத்தைந்து மீற்றர்.
சாம்பல் மூடிக் குழாயில் நான் எடுக்கிற
இரண்டு மில்லி பெற்றோலாய் இருந்தால்
உப்புவெளியில்
ஒரு கேற்றிலிருந்து அடுத்த கேற்றுக்குப் போகலாம்.

ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிடுவேன்.
சத்தமில்லாமல் உருளும் வண்டியை
நடுவீதியில் நின்ற மான்
எழும்பவும் இல்லை, விலகவும் இல்லை,
தன் இனமென்று நினைத்திருக்கும்.

லாப்காரர் படியைக் கூட்டவில்லை.
நான்தான் கொப்பியை எடுத்துப் பாதையைக் குறைத்தேன்.
கிண்ணியாவுக்கு ஆறரைக்கு ஒருதரம் போவேன்,
பதுறுன்னிசா உம்மாவின் சீனி பார்க்க.
திரும்ப ஒன்பதரைக்கு
அதே வீதியால் வெள்ளைமணலுக்கு,
ஜெமீல் காக்கா கடலால் வந்த பிறகு,
அவருடைய இரத்தம் உறையும் கணக்குப் பார்க்க.
இரண்டையும் ஒன்றாக்கினேன்.
கடல் நேரத்தை மாற்றாது,
சீனிக்காரி காத்திருக்கலாம் என்று
பேனை சொன்னது.
பேனைக்குப் பசி இல்லை.

சீனக்குடா தாண்டும்போது
காட்டுக்குள் அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகள்,
வெள்ளைக்காரன் யுத்தத்துக்கென்று கட்டினது.
யாருக்குக் குத்தகை, யார் கையெழுத்து என்று
பேப்பர்கள் வருஷா வருஷம் கேட்கின்றன.
என் தாங்கி ஐந்து லீற்றர்.
அதில் இப்போது ஒன்றரை.
கையில் ஊசி, கண்ணுக்கு முன்னால் முள்,
இரண்டும் நடுங்கக் கூடாது.

கதவு திறந்தே கிடந்தது.
உம்மா கதிரையில்,
நெற்றி முழுக்க வேர்வை,
முந்தானை நுனி விரல்களுக்குள் இறுகி.
மணி ஒன்பது ஐம்பது.
ராத்திரி ஏழரைக்குச் சாப்பிட்டவர்.
நரம்பு ஒளித்துக்கொண்டது.
இரண்டாம் தரம்தான் பிடித்தேன்.
எடுத்த கையோடு
தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கொடுத்தேன்,
பிறகு
பெற்றோலைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

உம்மா பாதித் தேத்தண்ணியில் நிறுத்தினார்.
"நோன்புக்குப் பழகின உடம்பு புள்ள, சாகமாட்டன்.
நீ எத்தின மணிக்கு வருவாயெண்டு
முதல் நாளே சொல்லு.
அதுக்கேத்த மாதிரித் தின்னுறன்."

இப்போது கிண்ணியாவில் ஒரு மனுசி
இரவு பத்தரைக்குச் சோறு தின்கிறார்.
மகன் திட்டுகிறானாம், மருமகள்
கறியை இரண்டாம் தரம் சூடாக்குகிறாளாம்.
எங்கோ ஒரு செட்டில்
ஓர் எண் மாறியதற்கு.

படிவத்தில் ஒரு கட்டம்:
கடைசியாகச் சாப்பிட்ட நேரம்.
10.30 என்று எழுதுகிறேன்.
ஏன் என்று எழுதக் கட்டமில்லை.

வரும் வழியில் ஜெமீல் காக்கா
இரத்தம் தந்த கையாலேயே
இரண்டு பாரைக்குட்டியை நீட்டினார்.
ஐஸ் பெட்டி நிறையக் குழாய்கள்.
கைபிடியில் தொங்கவிட்டேன்.
பாலத்தில் காற்று எதிர்க்காற்று.
கொஞ்சம் குனிந்து ஓட்டினேன்,
குனிந்தால் மிச்சம் என்று யாரோ சொன்னார்கள்.

முள் இன்னும் சிவப்பைத் தொடவில்லை.
நாளைக்கு உப்புவெளியில் ஐந்து பேர்,
அபயபுரவில் சோமாவதி அக்கா.
அவரிடமும் கேட்க வேண்டும்,
இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று.