எழுநூற்றைம்பது மில்லி

லட்கன் விதை பதினொன்று.
நம் பக்கம் பெயரே இல்லாத பழம்.
மஞ்சள் கொத்து, உள்ளே மூன்று சுளை,
புளிப்பா தித்திப்பா என்று நாக்கு முடிவெடுப்பதற்குள் தீர்ந்துவிடும்.
அகர்தலாவிலிருந்து காட்பாடிக்கு
ஈரத்துண்டில் சுற்றி, டிபன் பாக்ஸில்,
ஷெஃபாலியின் தம்பி ரயிலில் கொண்டுவந்தான்.
காய்ந்தால் செத்துவிடும் ஜாதி என்பதை
அவள் கையால்தான் சொன்னாள்:
உள்ளங்கையை மூடி, திறந்து, உதறி.
அவள் கணவருக்கு எட்டாம் நம்பர் மெஷின்.
செவ்வாய், வியாழன், சனி.
ஊசி போடுவது நான்.

சத்துவாச்சாரி மொட்டைமாடியில்
டீக்கடைக் கப்புகளில் ஊன்றினேன்.
இருபத்திரண்டாம் நாள் ஒன்பது எழுந்தன.
ஆவணி வெயில் ஓட்டைப் பிளக்கிறது.
காலையில் ஒரு சொம்பு,
டியூட்டி முடிந்து வந்து ஒரு சொம்பு.
வேலூரில் பிறந்தவளுக்குத்
தண்ணீர் ஊற்றுவதைத் தவிர
வேறெப்படிப் பிரியம் காட்டத் தெரியும்?

முதலாவது விழுந்தது ஒரு புதன்கிழமை.
இரவு நின்றது. காலையில் படுத்திருந்தது.
இலை பச்சையாகவே இருந்தது.
மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும்
தண்டு நூலாய் இளைத்து
வெந்த கீரை மாதிரி கொழகொழத்தது.
பூனை என்றேன்.
வெயில் என்றேன்.
இன்னொரு சொம்பு ஊற்றினேன்.
வெள்ளிக்குள் நான்கு.

சனிக்கிழமை எட்டாம் நம்பரில் எடை பார்த்தால்
மூன்று கிலோ கூடுதல்.
கணுக்காலில் விரல் வைத்தால் குழி.
வழக்கம்போலக் கத்தினேன்:
எழுநூற்றைம்பது மில்லி, ஒரு நாளைக்கு,
டீ, ரசம், மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாம் சேர்த்து,
எத்தனை தடவை சொல்றது!
ஷெஃபாலி பையிலிருந்து
கோடு கிழித்த பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.
கோடெல்லாம் சரியாகத்தான் இருந்தது.
லாட்ஜில் எட்டு மாதம் பொறுக்கிய தமிழில்
'ராத்திரி கேக்குது' என்றாள்.
'நான் குடுக்குது.'

அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.
மாடியில்
கேட்காமலே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே மிச்சம் ஐந்தையும் பெயர்த்தேன்.
எதிர்வீடு கட்டும் மேஸ்திரி பிச்சாண்டி
'ஆத்து மணல்தான், வெளிய சொல்லாதம்மா' என்று
இரண்டு படி அளந்தார்.
பிரியாணி அண்டாவில் வறுத்தேன், பூஞ்சை சாகட்டும் என்று.
இஸ்திரி வண்டியில் அணைந்த கரி.
பட்டையை இடித்துக்
கழுத்தைச் சுற்றித் தூவினேன்.
'செடிக்கே தம் போடறியா' என்று
வீட்டுக்காரர் லவங்க டப்பாவை நீட்டினார்.
கப்பின் அடியில் ஏழு ஓட்டை.
இருபது மில்லி சிரிஞ்சில், விளிம்போரமாக, காலையில் மட்டும்.
விரலை ஒரு கணு விட்டுப் பார்த்து
ஈரம் இருந்தால் அதுவும் கிடையாது.
இலை என்னைப் பார்க்கும்.
பார்க்கட்டும்.

அதிலும் இரண்டு போயின.

புரட்டாசிக் கடைசியில் அவர்களுக்கு
ஊரிலேயே மெஷின் கிடைத்தது, கிளம்பிவிட்டார்கள்.
போனில் 'கித்னா?' என்கிறாள்.
'தீன்' என்கிறேன்.
நானும் கேட்கிறேன், 'கித்னா?'
கொஞ்ச நேரம் ஏதோ பாத்திரச் சத்தம்.
'ஆட் சௌ.'
எண்ணூறு.
நான் கத்தவில்லை.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு மழை.
தெருவே எழுந்து வாசலில் நின்றது.
பாலாற்றில் வருதா பார்க்கலாம் என்று
பையன்கள் பாலத்துக்கு வண்டியை முறுக்கினார்கள்.
நைட்டியோடு மாடிக்கு ஓடி
மூன்று கப்பையும் மடியில் இடுக்கித்
தண்ணீர் டேங்க் அடியில் குந்தியிருந்தேன்,
இந்த ஊரில்
மழையைப் பார்த்துப்
போதும் போதும் என்று முணுமுணுத்த
ஒரே ஆள்.