மூன்று மில்லிமீட்டர் தங்கூசி

முதுநகர்த் துறைமுகத்தில் ஒரு வலைக்கடை.
அரை மீட்டர் தங்கூசி கேட்டேன்.
கிலோக் கணக்கில் விற்கிற தேசிங்கு
தராசிலிருந்து கையை எடுக்காமலே
"அரை மீட்டர்ல என்னா மீனு புடிப்பீங்க?" என்றார்.
மீனில்லை, புழு.
"புழுவ வெச்சு மீனு புடிப்பாங்க,
தங்கூசிய வெச்சுப் புழுவா?"
பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி சிரித்தார்.
காசு வாங்கவில்லை.

குறிஞ்சிப்பாடி மல்லாட்டைக் கொல்லையில்
ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்கிய புரொடீனியா
நாற்பது.
கப்புக்கு ஒன்றாக,
ஆமணக்கு இலை, மூடியில் ஊசித்துளை,
மார்க்கரில் எண்.

தங்கூசியை உப்புத்தாளில் தேய்த்து
மூன்று மில்லிமீட்டராய் நறுக்கி
ஸ்பிரிட்டில் முக்கினேன்.
ஐஸ்மேல் மயங்கிக் கிடந்த புழுவின் விலாவில்
ஊசி திறந்த வாசலில்
ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.
வெளிர்பச்சை,
இலையைத் தண்ணீரில் கசக்கியதுபோல.
"இதுவா ரத்தம்?" என்றாள்
குடுவை கழுவ வந்த அஞ்சலாட்சி.
இதுதான்.
குழாய்க்குள் அடங்காத ரத்தம்.
உடம்பு முழுக்க ஒரே குளம்;
குடல் அதில் கிடக்கும்,
அணுக்கள் அதில் திரியும்.

வந்தது கிருமி என்றால்
ஓர் அணுவே விழுங்கி முடித்துவிடும்.
இது தங்கூசி.
ஓர் அணுவின் அளவுக்கு இது
தானே புயலன்று சாலைக்குக் குறுக்கே சாய்ந்த மரம்,
அரைக் கிலோமீட்டர் நீளத்தில்.

முதலில் வருபவை குருணை அணுக்கள்.
தொட்டதும் வெடிக்கின்றன.
வயிற்றுப் பசையை அதன்மேல் கொட்டிவிட்டுச் சாகின்றன.
அந்தப் பசை கூப்பிட
மற்றவை உருண்டு வருகின்றன,
ஒட்டியதும் தட்டையாகின்றன,
ஒன்றின்மேல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று,
அடியில் கிடப்பது செத்த பிறகும்
பிடி விடுவதில்லை.
பிறகு கறுப்பு.
நறுக்கிய வாழைக்காய் கறுக்குமே,
ஏறக்குறைய அதே வித்தை.

நைலான் பிறந்தே நூறு வருஷம் ஆகவில்லை.
எந்தப் புழுவின் பாட்டனும் அதைப் பார்த்ததில்லை.
ஆனாலும் அணுக்களுக்கு இரண்டு சொல் போதும்:
நான் இல்லை.

அன்றிரவு காற்று தெற்கே திரும்பியது.
சிப்காட் வாடை.
ஜன்னலைச் சாத்திவிட்டு
விடியும்வரை தும்மினேன்.
என் மூக்குக்கும் அந்த இரண்டு சொல் தெரியும்,
பயன்தான் இல்லை.

மறுநாள் உருவிப் பார்த்தேன்.
கறுப்பு, கறுப்பு, பழுப்பு, கறுப்பு.
இருபத்தேழு மட்டும் வெள்ளை.
தேசிங்கின் கண்டிலிருந்து
இப்போதுதான் வெட்டியதுபோல் மினுக்கம்.
கை தவறிவிட்டது என்று எழுதப் போனவள்
எதற்கும் இருக்கட்டுமென்று வயிற்றைத் திறந்தேன்.

உள்ளே குளவிக் குஞ்சு.
கண்ணாடி மாதிரி, சாவகாசமாய்,
தன் வீட்டில் இருப்பதுபோல் புரண்டது.
கொல்லையிலேயே எவளோ ஒரு குளவி
முட்டையோடு சேர்த்து
ஒரு வைரஸையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறாள்.
அணுக்கள் இருந்தன.
குண்டு குண்டாய் மிதந்தன.
ஒட்டுவது எப்படி என்பதை மட்டும்
யாரோ அவற்றிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்பார்கள்.
ஆகவில்லை.
நேற்று மாலைவரை அது
உள்ளே தின்னப்பட்டுக்கொண்டே
வெளியே இலை தின்றது.

இருபத்தேழை அட்டவணையிலிருந்து எடுத்துவிடு
என்றார் கைடு.
எடுத்துவிட்டேன்.
இங்கே வைத்துக்கொள்கிறேன்.

பதினான்காம் கப் காலி.
மூடியில் கடித்த ஓட்டை.
மூன்று வாரம் கழித்து டியூப்லைட்டில்
சாம்பல் இறக்கையோடு ஓர் அந்துப்பூச்சி.
அதுதானா, தெரியாது.
அதுதான் என்றால்
வாய் மாறி, குடல் மாறி, கால் மாறி
உடம்பே கரைந்து வேறாய்க் கூடியபோதும்
கறுப்பு உறைக்குள் ஒன்று
மாறாமல் கூடவே பறக்கிறது.

கடை வழியே போனபோது தேசிங்கு கேட்டார்:
"என்னாங்க, புழு மாட்டுச்சா?"
ஒண்ணு தப்பிச்சிடுச்சு.
"தங்கூசியோடவா?"
தங்கூசியோடதான்.