இடது கன்னம், மூன்றாம் நாள்

என் வேலை தொடர்ச்சி.
முந்தின காட்சியில் குவளைத் தண்ணீர் எத்தனை விரல் குறைந்திருந்தது,
பொட்டு நடுவிலா, சற்றே மேலா,
கடிகாரத்தில் மணி நாலரையா,
இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம்.
இந்தத் தொடரில் கூடுதலாக ஒன்று:
மஞ்சரிக்கு எங்கெங்கே அடிபட்டிருக்கிறது.

ஈசூனில் ஒரு வீவக வீடு, பதினோராம் மாடி.
நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம்.
சோபாவை நகர்த்தி, சாமிப் படங்களைத் துணியால் மூடி,
சத்தம் பதிவாகுமென்று மின்விசிறியை நிறுத்தி
வேர்க்க வேர்க்க அவளை அடித்தோம்.
பதினான்கு முறை.
அடித்த நடிகர் ஒவ்வொரு முறையும்
"சாரிம்மா" என்றார். நல்ல மனுஷன்.

என் ஏட்டில் இருப்பது:
முதல் நாள் சிவப்பு. மூன்றாம் நாள் ஊதா.
ஏழாம் நாள் ஓரத்தில் மட்டும் மாம்பழத்தோல் மஞ்சள்.
படப்பிடிப்பு கதையின் வரிசையில் நடப்பதில்லை.
காலையில் மஞ்சள், மதியம் சிவப்பு,
மாலையில் கல்யாணம்.
ஆறிய பிறகு அடிவாங்கி
அடிவாங்கிய பிறகு தாலிக்குக் கழுத்தை நீட்டுவாள்.

எழுத்தாளர் எல்லாம் திட்டமிட்டுவிட்டார்.
மூன்றாம் வாரம் தனக்குத்தானே பேசுவாள்.
ஐந்தாம் வாரம் தலைவிரி கோலம்.
எட்டாம் வாரம் கத்தி, அல்லது கடல்;
கிழக்குக் கடற்கரையில் அனுமதி கிடைத்தால் கடல்.

வீட்டுக்காரர் குணவதி அக்கா
அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.
பலதுறை மருந்தகத்தில் பதிவு முகப்பில் வேலையாம், இன்று விடுப்பு.
எங்கள் எல்லோருக்கும் பார்லி காய்ச்சி வைத்திருந்தார்.
பத்தாவது முறை முடிந்ததும்
இயக்குநரிடம் போகாமல் என்னிடம் வந்து
பில்லில் கூட்டல் தவறிருப்பதைச் சொல்வதுபோல் சொன்னார்:
"கன்னத்துல இருக்காதும்மா.
மறுநாள் வேலைக்குப் போகணும்ல."

பிறகு தன் மேற்கையின் உட்புறத்தை,
சட்டைக் கை முடிகிற இடத்துக்கு இரண்டு விரல் மேலே,
தொட்டுக் காட்டினார்.
மாவு ஒட்டிக்கொண்டதுபோல் விரலைத் துடைத்துக்கொண்டார்.
"அப்புறம், அவ கத்த மாட்டா.
பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு பிஎஸ்எல்இ."

பழக்கதோஷம், எழுதிக்கொண்டேன்:
வலது மேற்கை, உட்புறம். நிறம்:
நாள்:
இரண்டு கட்டங்களும் காலி.

இயக்குநரிடம் சொன்னேன்.
பாதி பொட்டல மீ கோரெங் ஆறும்வரை யோசித்தார்.
"உண்மைதான்" என்றார்.
"ஆனா அங்க இருந்தா யாருக்கும் தெரியாதே."
குணவதி அக்கா
தலையை மேலும் கீழும் ஆட்டினார்,
கடைசியில் ஒருவருக்குப் புரிந்துவிட்டதுபோல.

பதினான்காவது முறை
தர்ஷாயினி கத்தவில்லை.
வசனம் மறந்ததா, காதில் விழுந்ததா, நான் கேட்கவில்லை.
உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு
கீழே விழுந்த குவளையை எடுத்து
அது உருளாத இடமாகப் பார்த்து வைத்தாள்.
ஒலிப்பதிவுப் பையன் காதுக்கருவியை அழுத்திப் பிடித்தான்.
மின்தூக்கிக் கதவு. தூரத்து ரயில்.
யாரோ பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிறார்கள்.

ஒளிபரப்புக்கு ஒன்பதாவது முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.
அதில் நன்றாகக் கத்தியிருந்தாள்.

ஆறு மணிக்கு விளக்குகளை மடக்கினோம்.
"எப்பம்மா டிவில வரும்?"
"ஜூன்ல. வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு."
"ஒன்பதா? அவர் பந்து பார்ப்பாரே."
சுவரைப் பார்த்து மணியைத் தெரிந்துகொண்டார்.
அது நாங்கள் நிறுத்திவைத்த கடிகாரம்,
இன்னும் நாலரை.
"அவர் வர்றதுக்குள்ள எல்லாம் இருந்தபடி இருக்கணும்மா."

காலையில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் விரித்தேன்.
தரையில் சோபாக் கால்களின் நான்கு வட்டத் தடம்.
தலையணை, ஜிப் உள்பக்கம்.
ரிமோட், வலது கைப்பிடி மேல், சாய்வாக.
கடிகாரத்தை ஆறு இருபதுக்குத் திருப்பினேன்.
சாமிகளின் துணியை எடுத்தேன்.
என் வேலையை இவ்வளவு கச்சிதமாக
நான் ஒருநாளும் செய்ததில்லை.
பார்லிக் குவளைகள் பதினொன்றையும் அவர் கழுவித் துடைத்து
அலமாரியில் பின்வரிசைக்குத் தள்ளினார்.

ஒரு விரல் பிசகவில்லை.
அந்த வீட்டில் இன்று எதுவும் நடக்கவில்லை.