புகையை நிறுப்பவள்

புகைக்கு எடை உண்டு.
நிறுப்பதுதான் என் வேலை.
காலையில் வெள்ளை வடிதாள்,
மாலையில் அதே தாள் தேநீர்க் கறை நிறத்தில்.
நடுவிலுள்ள மில்லிகிராம்களுக்குக் கீழே
கையெழுத்துப் போடுகிறேன்:
குன்வோர், அடுப்புச் சோதனைக்கூடம்.

சின்ன அடுப்புகள் சுலபமாகத் தேறிவிடும்.
முப்பது லிட்டர் வயிறு, இரண்டு பிளவு பிர்ச்,
கணகணவென்று எரிந்து தன் புகையையும் தின்றுவிட்டு
ஒரு மணி நேரத்தில் மறுபடி வாய் திறக்கும்.
பெரியவையும் தேறும், முழுக் காற்று கொடுத்தால்.
சோதனைக்கூடத்தில் யாருக்கும் தூக்கம் வருவதில்லையே.

வீட்டில் வருகிறது.
வீட்டில் டோர்லைஃப்
தொண்ணூறு லிட்டர் அடுப்பைப் பத்து மணிக்குத்
தொண்டைவரை அடைக்கிறான்.
ஏழு கட்டை. எட்டாவதைக் காலால் தள்ளி.
பிறகு காற்றுத் தாழ்ப்பாளைக் கடைசிவரை இழுக்கிறான்,
குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவது போல.
தீ முணுமுணுத்துக் கறுக்கிறது.
கண்ணாடியில் தார் வழிகிறது.
"காலைவரை தாங்கும்" என்கிறான்.
உண்மைதான்.
எரியாத விறகு எவ்வளவு நேரமும் தாங்கும்.

ட்யூன்செட்டில் மைனஸ் இருபத்தொன்பது.
பள்ளத்தாக்குக்குக் குளிர் மூடி போட்டுவிட்டால்
புகை மேலே போகாது. கூரையிலிருந்து இறங்கி
அஞ்சல் பெட்டியைக் கடந்து
ஹெர்பியோர்க் வீட்டு ஜன்னலோரம் போய் நிற்கும்.
அவளுடைய மூச்சிழுப்பான்
சமையல் மேடையில், உப்புக்குப் பக்கத்தில்.
போன வாரம் காபிக்குப் போனபோது பார்த்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் என் தொழிலைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

அவனிடம் ஒருநாள் எண்களைச் சொன்னேன்,
மணிக்கு இத்தனை கிராம் என்று.
"நீ எழுந்து கால் வைக்கும்போது
தரை வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். அவ்வளவுதான்."
அதை எந்தத் தராசில் வைப்பது?

நேற்று மூன்று மணிக்கு நானே இறங்கிப் போனேன்.
தாழ்ப்பாளை விரலளவு திறந்தேன்.
உள்ளே ஏதோ ஒரு கணம் யோசித்தது,
பிறகு பக்கென்று பற்றியது.
இன்னும் ஒரு விரல்.
கோட்டை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று
புகைபோக்கியைப் பார்த்தேன்.
முதலில் கறுப்பு. அப்புறம் சாம்பல்.
அப்புறம் ஒன்றுமில்லை,
அதற்கு மேலிருந்த விண்மீன் மட்டும்
நீருக்கடியில் கூழாங்கல்லாய் நெளிந்தது.

திரும்பி வந்தால் படியில் அவன்,
ஒற்றைக் காலுறையோடு.
"ஆறு மணிக்கே தீர்ந்துவிடும்."
"தீரட்டும். ஆறு மணி உன் முறை."
கண்ணாடியில் தார் கருகி விலகிய இடத்தில்
தீ தெரிந்தது. குனிந்து பார்த்தான்,
வாங்கிய நாளில் பார்த்த மாதிரி.

ஆறு மணிக்கு அலாரம்.
இருவரும் தூங்குவதாக நடித்தோம்.
கீழே இரும்பு ஆறும் சத்தம், டிங்.
கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிங்.
பெருமூச்சு விட்டு
இன்னொரு காலுறையைத் தேடத் தொடங்கினான்.