தொடாதீர்

கொட்டாம்பட்டிப் பக்கம் இடிந்த கோயிலிலிருந்து
லாரியில் மதுரைக்கு வந்தவர் இவர்.
செக்காட்டி எண்ணெய் விற்ற ஏறன் சாத்தன்.
கூலி இரண்டு குடம் எண்ணெய், ஒரு கிடாய் என்று
காலடியில் வெட்டியிருக்கிறதாம்.
கல்வெட்டு ஆபீசர் வாசித்துச் சொன்னார்.

தன்னைத்தான் செதுக்கச் சொல்லியிருக்கிறார்.
நெடுஞ்சாண்கிடையாக, தலைக்கு மேல் கைகூப்பி,
வாசற்படி தாண்டியதும் தரையோடு தரையாக.
வருகிறவர் போகிறவர் பாதமெல்லாம்
தன் முதுகில் படவேண்டும்.
அதற்குத்தான் அந்த எண்ணெய், அந்தக் கிடாய்.

பட்டிருக்கிறது.
குடுமி இருந்த இடம் ஒரு மேடு, அவ்வளவுதான்.
முதுகு, பாதி கரைந்த சோப்புக்கட்டி.

இங்கே நிமிர்த்திச் சுவரோரம் நிறுத்தி
அடியில் சிமெண்ட் பூசிவிட்டார்கள்.
இப்போது பார்த்தால்
போலீஸ் சோதனைக்குக் கைதூக்கி
சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிற ஆள்.
பக்கத்தில் பலகை: தொடாதீர்.
யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.
இரண்டு மாசமாக அது வரவில்லை, அது வேறு கதை.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று
வெயிலுக்கு ஒதுங்கின பையன் ஒருத்தன்,
கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவன்,
வைகை ஈரம் காயாத கால்,
போனைப் பார்த்தபடியே
பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பழக்கத்தில்
சாய்ந்து
ஒரு காலை மடக்கிப் பின்னால் ஊன்றினான்.
சரியாகச் சாத்தன் இடுப்பில்.

விசில் என் வாயில்தான் இருந்தது.
ஊதினேன்,
கொஞ்சம் பொறுத்து.